முறுக்கு மாற்றியைத் தேர்தல்: பந்தயப் பாதையும் மலையடிவாரச் சாலையும்

ஒரு பொறியின் உறுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, "இதுவே சிறந்தது" என்னும் சொல்லைப் போல் மயக்கம் தருவது வேறொன்றில்லை. எதற்குச் சிறந்தது, எந்த எந்திரத்தோடு சேர்ந்தால் சிறந்தது, எவ்வளவு பாரத்துக்குச் சிறந்தது என்ற கேள்விகள் எழாத இடத்தில், விலை உயர்ந்ததும் பெயர் பெற்றதுமே சிறந்ததாகக் கொள்ளப்படுகின்றன. மோட்டார் வண்டிகளில் அமையும் முறுக்கு மாற்றி இதற்கு ஏற்ற சான்று. பட்டறைகளில் "டார்க் கன்வர்ட்டர்" என வழங்கும் இவ்வுறுப்பு, குறுந்தொலைவு நேர்பாதைப் பந்தயமாகிய டிராக் பந்தயத்தில் வெற்றிக்கும் தோல்விக்கும் காரணமாவது. அதே உறுப்பு, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் வடகிழக்கே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஆரியங்கோடு போன்ற ஊர்களின் சாலையில் வண்டி பின்னோக்கி உருளுமா, நிற்குமா என்பதையும் முடிவு செய்வது. இவ்விரு இடங்களையும் ஒன்றாக வைத்து நோக்கினால், அளந்தும் கணக்கிட்டும் தேர்வதன் இன்றியமையாமை நன்கு விளங்கும்.

கருவியின் வரலாறும் இயல்பும்

முறுக்கு மாற்றி முதலில் தோன்றியது கார்களுக்காக அன்று, கப்பல்களுக்காக. ஜெர்மானியப் பொறியாளராகிய ஹெர்மன் ஃபோட்டிங்கர், ஸ்டெட்டின் நகரத்து வல்கன் கப்பல் தளத்தில் பணியாற்றிய காலத்தில், 1905ஆம் ஆண்டில் இதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். நீராவிச் சுழலி மிக விரைவாகச் சுழல்வது. கப்பலின் உந்துவிசிறியோ மெதுவாகச் சுழன்றால்தான் பயன் தருவது. இவ்விரண்டுக்கும் இடையே பற்சக்கரங்களுக்குப் பதிலாகத் திரவத்தை வைத்து விசையைக் கடத்துவதே அவர் கருத்து. கார்களில் இக்கருவி பெருமளவில் இடம் பெற்றது, அமெரிக்காவில் ப்யூயிக் நிறுவனம் 1948ஆம் ஆண்டு மாதிரிகளில் "டைனாஃப்ளோ" என்னும் அமைப்பைப் புகுத்தியபோதுதான்.

இதன் உட்பகுதியில் மூன்று சக்கரங்கள் உள்ளன. என்ஜினோடு சேர்ந்து சுழல்வது பம்ப். கியர் பெட்டியின் தண்டோடு சேர்ந்து சுழல்வது டர்பைன். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஸ்டேட்டர். பம்ப் எண்ணெயை வெளிநோக்கி வீசுகிறது. அவ்வெண்ணெய் டர்பைனின் இதழ்களில் மோதி அதனைச் சுழற்றுகிறது. வகுப்பறையில் இதனைக் காட்டுதல் எளிது. இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிராக வைத்து, ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால், மற்றொன்றும் காற்றின் வேகத்தால் சுழலத் தொடங்கும். இடையில் திடப்பொருள் இணைப்பு எதுவும் இல்லை என்பதை மாணவர் கண்கூடாகக் காண்பர்.

ஆயினும் இரண்டு விசிறிகளால் விசை கடத்தப்படுமேயன்றிப் பெருகாது. விசையைப் பெருக்கும் பணி ஸ்டேட்டருடையது. டர்பைனை விட்டு வெளியேறும் எண்ணெய், பம்பின் சுழற்சிக்கு எதிரான திசையில் திரும்பி வருவது. ஸ்டேட்டர் அதனைத் திருப்பி, பம்புக்கு உதவும் திசையில் செலுத்துகிறது. ஒவ்வொரு விசைக்கும் எதிர்விசை உண்டென்ற நியூட்டன் விதிப்படி, ஸ்டேட்டர் தாங்கும் முறுக்கு விசையும் டர்பைனில் சேர்கிறது. ஆகவே வண்டி நிற்கும் நிலையில், என்ஜின் தரும் முறுக்கு விசை டர்பைனில் ஏறக்குறைய இரண்டு மடங்கோ, அதற்குச் சற்று மேலோ ஆகலாம். டர்பைன் வேகம் பம்பின் வேகத்தை நெருங்க நெருங்க இப்பெருக்கம் குறைந்து, இறுதியில் ஒன்றுக்கு ஒன்று என்றாகிறது. அப்போது ஸ்டேட்டர், தன்னிடமுள்ள ஒருவழிக் கிளட்சினால் விடுபட்டு, எண்ணெயோடு தானும் சுழல்கிறது.

ஓர் எண் போதாது

கடைகளில் முறுக்கு மாற்றியை விற்பவர் அதற்கு ஓர் எண்ணைச் சொல்வர். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றோ, 4,500 சுற்று என்றோ அது அமையும். டர்பைனை அசையாமல் பிடித்துக்கொண்டு என்ஜினை முழு விசையோடு முடுக்கினால், அது எவ்வளவு வேகம் வரை ஏறி நிற்குமோ அதுவே இந்த எண். இதனைத் தடைநிலை வேகம் எனலாம். பட்டறை வழக்கில் "ஸ்டால்". வாங்குவோரில் பலர் இவ்வெண்ணை, டயரின் அளவைப் போல, அவ்வுறுப்பில் பொறிக்கப்பட்ட நிலையான குணமாகக் கருதுகின்றனர். தவறான தேர்வுகளில் பெரும்பாலானவை இக்கருத்திலிருந்தே பிறக்கின்றன.

உண்மை வேறு. ஒரு முறுக்கு மாற்றி உட்கொள்ளும் முறுக்கு விசை, அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. ஆகவே தடைநிலை வேகம் என்பது மாற்றியும் என்ஜினும் சேர்ந்து தீர்மானிக்கும் எண். 300 நியூட்டன்-மீட்டர் முறுக்கு விசை தரும் என்ஜினோடு 3,000 சுற்றில் நிற்கும் மாற்றி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதே மாற்றியை 450 நியூட்டன்-மீட்டர் தரும் என்ஜினில் பொருத்தினால் என்னாகும்? முறுக்கு விசை ஒன்றரை மடங்கு. அதன் இருமடி மூலம் ஏறக்குறைய 1.22. எனவே தடைநிலை வேகம் சுமார் 3,670 சுற்றாக உயரும். மாற்றியில் ஓர் ஆணிகூட மாறவில்லை. எண் மட்டும் மாறிவிட்டது. அடுத்த வண்டிக்காரர் கண்ட பலனை நம்பி அவருடைய மாற்றியைப் போலவே ஒன்றை வாங்குபவர் ஏமாற்றமடைவது இக்காரணத்தாலேயே.

விட்டத்தின் விளைவு இதனினும் வியப்புத் தருவது. உட்கொள்ளும் முறுக்கு விசை, விட்டத்தின் ஐந்தாம் படிக்கு ஏற்ப மாறுவது. ஒரே வடிவமுடைய இரண்டு மாற்றிகளில் ஒன்றின் விட்டம் 280 மில்லிமீட்டர், மற்றதன் விட்டம் 250 மில்லிமீட்டர் என்க. அளவில் வேறுபாடு பத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒரே வேகத்தில் சிறியது உட்கொள்ளும் விசை, பெரியதன் விசையில் நூற்றுக்கு 57 பங்கே. ஆகவே பெரியது 2,000 சுற்றில் நிற்குமாயின், சிறியது அதே என்ஜினோடு சுமார் 2,650 சுற்றில் நிற்கும். பந்தயக்காரர்கள் சிறு விட்டமுள்ள மாற்றியை நாடுவதன் பொருள் இதுவே. சிறியது எடை குறைந்தது; ஆதலால் அதனைச் சுழற்றி எழுப்புவதற்கு வீணாகும் விசையும் குறைவு. விட்டம் போக, பம்பின் இதழ்களது சாய்வும், ஸ்டேட்டர் இதழ்களது வடிவும், உட்சக்கரங்களுக்கு இடையேயுள்ள இடைவெளியும் இவ்வெண்ணைக் கூட்டவும் குறைக்கவும் வல்லன.

பந்தயப் பாதையின் தேவை

டிராக் பந்தயம் நேரான பாதையில், நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, பெரும்பாலும் கால் மைல் தொலைவை, அதாவது 402 மீட்டரை, மிகக் குறைந்த நேரத்தில் கடப்பது. அமெரிக்காவில் 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கம் தோன்றியபின் இது ஒழுங்குபட்ட விளையாட்டாயிற்று. தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயத்தின் தொன்மையான களம், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமாகிய சோழவரம். 1953இல் தொடங்கப்பெற்ற சென்னை மோட்டார் பந்தயக் கழகம் அங்குப் பந்தயங்களை நடத்தி வந்து, 1990ஆம் ஆண்டளவில் திருப்பெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை அமைத்தது. மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் பந்தயங்களும் அங்கு நடைபெற்றுள்ளன.

இப்பந்தயத்தில் முறுக்கு மாற்றியின் பணி மூன்று. புறப்படும் கணத்தில் என்ஜினைத் தன் உச்ச முறுக்கு விசையின் அருகே எழவிட வேண்டும். கியர் மாறும்போது வேகம் விழுவதைத் தாங்க வேண்டும். முடிவுக் கோட்டின் அருகே, வழுக்கல் மிகாமல் விசையைச் சக்கரங்களுக்குக் கொடுக்க வேண்டும். இம்மூன்றும் ஒன்றோடொன்று முரணுவன. தளர்வான மாற்றி, அதாவது தடைநிலை வேகம் மிக்கது, முதற்பணியைச் செம்மையாகச் செய்யும், மூன்றாவதில் தோற்கும். இறுக்கமானது இதற்கு நேர்மாறு. இரண்டுக்கும் நடுவே பொருத்தமான இடத்தைக் காண்பதே தேர்வாகும்.

கியர் பெட்டி இத்தேர்வை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஒரு கணக்கால் காணலாம். ஷெவர்லே நிறுவனம் 1950இல் கொணர்ந்த "பவர்கிளைடு" இரண்டே வேகங்களையுடைய பெட்டி. எளிமையும் உறுதியும் காரணமாகப் பந்தயக்காரர்களால் இன்றும் விரும்பப்படுவது. அதன் ஒரு வகையில் முதல் வேகத்தின் விகிதம் 1.76, இரண்டாவது நேர் இணைப்பு. 7,000 சுற்றில் வேகத்தை மாற்றினால், வழுக்கல் இல்லையெனக் கொண்டால், என்ஜின் 3,980 சுற்றுக்கு விழும். 1964இல் வந்த "டர்போ ஹைட்ராமேட்டிக் 400" மூன்று வேகங்களையுடையது, விகிதங்கள் 2.48, 1.48, 1. அதே 7,000 சுற்றில் மாற்றினால் முதலில் 4,180க்கும், பின்னர் 4,730க்கும் விழும். ஓர் என்ஜினின் உச்ச முறுக்கு விசை 4,600 சுற்றில் அமைந்திருப்பின், இரண்டு வேகப் பெட்டியோடு தளர்ந்த மாற்றி வேண்டும். மூன்று வேகப் பெட்டியோடு அவ்வளவு தளர்ச்சி வேண்டியதில்லை. என்ஜின் ஒன்றே, மாற்றி வேறு.

முடிவுக் கோட்டருகே வழுக்கலை அளப்பதும் எளிது. வண்டி மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில், கோட்டைக் கடக்கிறது எனக் கொள்க. டயரின் சுற்றளவு 2.1 மீட்டர், பின்னச்சின் விகிதம் 4.10, கியர் பெட்டி நேர் இணைப்பில் உள்ளது. சக்கரம் நிமிடத்துக்கு 1,429 முறை சுழலும், அதனை 4.10ஆல் பெருக்கினால் டர்பைனின் வேகம் 5,860 என வரும். அவ்வேளையில் என்ஜின் 6,200 சுற்றில் ஓடியிருந்தால் வேறுபாடு 340 சுற்று. வழுக்கல் நூற்றுக்கு ஐந்தரை. இது ஏற்கத்தக்கது. இதுவே பத்துப் பன்னிரண்டு எனக் காணின், மாற்றி அளவுக்கு மேல் தளர்ந்தது என்று துணியலாம். ஒரு நாடாவும், வேகமானியும், காகிதமும் இருந்தால் போதும், ஆருடம் வேண்டியதில்லை.

புறப்படும் முறையும் கருத்தில் கொள்ளத்தக்கது. காற்பிரேக்கை மிதித்துக்கொண்டே முடுக்கினால், பிரேக் தாங்கும் வரைதான் என்ஜின் எழும். ஆதலால் அங்குக் காணும் எண் உண்மையான தடைநிலை வேகத்தினும் குறைவாகவே இருக்கும். கியர் பெட்டிக்குள்ளேயே முன்வேகத்தையும் பின்வேகத்தையும் ஒருங்கே பூட்டி நிறுத்தும் "டிரான்ஸ்பிரேக்" அமைப்பில் முழு எண்ணையும் காணலாம். வண்டியின் எடை மிகுந்தால் புறப்படும் வேகம் சற்று ஏறும். பின்னச்சின் விகிதம் மிகுந்தால் சற்று இறங்கும். வெளியேறும் புகையால் சுழலும் டர்போ ஊதியுடைய என்ஜின், ஊதி முழு வேகம் அடையும் வரை வலுவற்றிருப்பதால், அதற்குத் தளர்ந்த மாற்றியே ஏற்றது.

அனைத்துப் பந்தய வண்டிகளுக்கும் முறுக்கு மாற்றியே உகந்தது எனவும் கொள்ளலாகாது. அமெரிக்காவின் மிக வேகமான "டாப் ஃப்யூயல்" வகை வண்டிகள் இதனைப் பயன்படுத்துவதில்லை. பல தட்டுகளையுடைய, படிப்படியாக இறுகும் கிளட்சையே பயன்படுத்துகின்றன. அவ்வண்டிகள் 2008 முதல் 1,000 அடி, அதாவது 305 மீட்டர் தொலைவே ஓடுகின்றன. முறுக்கு மாற்றியின் சிறப்பு, ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகப் புறப்படச் செய்வதில் உள்ளது. முன்கூட்டிச் சொன்ன நேரத்துக்கு மிக நெருக்கமாக ஓடுபவரே வெல்லும் வகைப் பந்தயங்களில் இவ்வொருமையே பெருஞ்செல்வம்.

மலையடிவாரச் சாலையின் தேவை

பந்தயப் பாதையில் வென்ற மாற்றியை அப்படியே எடுத்து, அன்றாடம் ஓடும் வண்டியில் பொருத்தினால் விளைவது யாது? ஆரியங்கோட்டுப் பகுதி நெய்யாற்றின் கரையை ஒட்டிய இடைநிலம். கிழக்கே வெள்ளறடையை நோக்கி நிலம் மலையாக எழுகிறது. ரப்பர்த் தோட்டங்களுக்கிடையே வளைந்து ஏறி இறங்கும் சாலைகளில், எட்டு அடிக்கு ஓர் அடி உயரும் சரிவு ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்கிடலாம்.

வண்டியின் எடை 1,500 கிலோகிராம் எனில், சரிவு அதனைப் பின்னோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 1,840 நியூட்டன். சக்கரத்தின் ஆரம் 0.3 மீட்டர், ஆகவே சக்கரத்தில் வேண்டிய முறுக்கு விசை 552 நியூட்டன்-மீட்டர். முதல் வேகத்தின் விகிதம் 2.5 எனவும், அச்சின் விகிதம் 4 எனவும் கொண்டால், இரண்டும் சேர்ந்து பத்து மடங்கு. எனவே டர்பைனில் 55 நியூட்டன்-மீட்டர் இருந்தால் வண்டி சரிவில் பின்னோக்கி உருளாமல் நிற்கும்.

இப்போது இரண்டு மாற்றிகளை ஒப்பிடுவோம். 300 நியூட்டன்-மீட்டர் விசையில் ஒன்று 2,000 சுற்றில் நிற்பது, சாலை வண்டிக்குரியது. மற்றொன்று அதே விசையில் 4,500 சுற்றில் நிற்பது, பந்தயத்துக்குரியது. என்ஜின் வெற்றோட்டத்தில் 750 சுற்றில் ஓடுகிறது. இருமடி விதிப்படி முதல் மாற்றி 42 நியூட்டன்-மீட்டரை உட்கொண்டு, இரு மடங்காக்கி, டர்பைனில் 84 ஆகத் தரும். அது வேண்டிய 55க்கு மேற்பட்டது; வண்டி நிற்கும், அன்றி மெல்ல முன்னேறும். இரண்டாவது மாற்றியோ 8 நியூட்டன்-மீட்டர் அளவே உட்கொள்ளும். டர்பைனில் கிடைப்பது 17க்குக் குறைவு. ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுத்த கணமே வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கும். பின்னால் பள்ளிப் பிள்ளைகள் நடந்து வரும் குறுகிய சாலையில் இதன் பொருள் என்ன என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வெப்பமும் இதனோடு சேர்ந்து வருவது. டர்பைன் நிற்கும்போது என்ஜின் தரும் திறன் முழுவதும் எண்ணெயில் வெப்பமாகவே மாறுகிறது. 300 நியூட்டன்-மீட்டரை 3,000 சுற்றில் தரும் என்ஜினின் திறன் சுமார் 94 கிலோவாட். மாற்றிக்குள் நான்கு லிட்டர் எண்ணெய் இருப்பதாகக் கொண்டால், அது நொடிக்குப் பதினான்கு டிகிரி அளவில் சூடேறும். தடைநிலைச் சோதனையை ஐந்து நொடிக்கு மேல் நீட்டலாகாது எனப் பட்டறைக் கையேடுகள் விதிப்பது இதனாலேயே. மேற்சொன்ன சரிவில், பிரேக்கை விட்டு முடுக்கியாலேயே வண்டியைப் பிடித்து நிறுத்த முயன்றால், பந்தய மாற்றி ஏறக்குறைய நான்கு கிலோவாட் வெப்பத்தை எண்ணெயில் கொட்டும். நான்கு இஸ்திரிப் பெட்டிகளை எண்ணெயில் அமிழ்த்தி வைத்ததற்கு அது சமம். பந்தயத்தில் ஓட்டம் சில நொடிகளில் முடிந்து, வண்டி ஓய்ந்து குளிரும். மலைச் சாலையில் அவ்வோய்வு இல்லை. எண்ணெய் கருகினால் கியர் பெட்டியின் கிளட்சுத் தட்டுகளும் கெடும்.

ஆகவே ஒரே உறுப்பு, 402 மீட்டர்ப் பாதையில் குணமாகவும், சரிவுச் சாலையில் குற்றமாகவும் அமைகிறது. உறுப்பு மாறவில்லை, கேள்வி மாறியது.

இந்நாட்டு அனுபவம்

நின்ற நிலையிலிருந்து பாரத்தை இழுத்தெழுப்பும் சிக்கல் பந்தயக்காரருக்கு மட்டும் உரியதன்று. ரெயில் நிலையங்களில் பெட்டிகளைப் பிரித்தும் சேர்த்தும் நிறுத்தும் டீசல் என்ஜின்களும் இதனையே எதிர்நோக்குவன. இந்திய ரெயில்வேயில் பொறியாளராயிருந்த மன் மோகன் சூரி இதற்குக் கண்ட வழி, "சூரி டிரான்ஸ்மிஷன்" என அவர் பெயராலேயே வழங்குகிறது. புறப்படும்போது முறுக்கு மாற்றியின் பெருக்கத்தைப் பயன்படுத்துவதும், வேகம் ஏறியபின் திரவத்தை விலக்கி நேரடி இயந்திர இணைப்புக்கு மாறுவதும் அதன் சாரம். வழுக்கலால் வீணாகும் எரிபொருள் இதனால் மிஞ்சுகிறது. பொறியியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு 1962இல் அவருக்கு அளிக்கப்பட்டது. துர்காபூரிலுள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும் அவர் பணியாற்றினார். 1974இல் விற்பனைக்கு வந்த ஸ்வராஜ் டிராக்டர் அந்நிலையத்தில் உருவானதே.

இதில் கற்கத்தக்கது ஒன்றுண்டு. அயல்நாட்டுப் பட்டியலில் இருந்த மாற்றிகளுள் எது பெரியது, எது விலையுயர்ந்தது என்று தேடும் வழியை அவர் மேற்கொள்ளவில்லை. இந்நாட்டு என்ஜின் எந்த வேகத்தில், எவ்வளவு நேரம், எவ்வளவு பாரத்தோடு உழைக்கிறது என்ற கேள்வியே அவருக்கு முதற்படியாயிற்று. இக்காலக் கார்களின் முறுக்கு மாற்றியில், வேகம் ஏறியபின் பம்பையும் டர்பைனையும் பூட்டும் "லாக்கப் கிளட்ச்" இருப்பதும் இதே கருத்தின் வேறொரு வடிவமேயாகும்.

எழக்கூடிய எதிர்வாதங்கள்

பந்தயம் செல்வர் விளையாட்டு. கிராமப் பள்ளிகளுக்கு அதனால் பயன் என்ன என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் மாணவர்களின் ஆர்வம் எங்குச் செல்கிறதோ அங்கிருந்தே பாடத்தைத் தொடங்குதல் நல்லாசிரியர் மரபு. இருமடி, ஐந்தாம் படி, விகிதம், வெப்ப ஏற்பு, நியூட்டனின் மூன்றாம் விதி ஆகிய அனைத்தும் இவ்வொரு கருவியில் ஒருங்கே அமைந்துள்ளன. வேகத்தின் மேல் ஆசை கொண்ட இளைஞனிடம் அறிவுரை மட்டும் கூறினால் அவன் கேளான். கணக்கைக் காட்டினால் தானே முடிவுக்கு வருவான்.

அனுபவமுள்ள மெக்கானிக்கின் காதும் கையும் போதும். கணக்கு எதற்கு என்பார் வேறு சிலர். அனுபவத்தை இகழ்வது அறியாமை. பல்லாண்டு உழைத்தவர் என்ஜினின் ஒலியைக் கேட்டே வழுக்கலை உணர்வர்; அதுவும் ஓர் அளவீடே. ஆனால் அவ்வளவீடு அவரோடு நின்றுவிடுகிறது. எண்ணாக எழுதி வைத்தால் மற்றொருவர் அதனைச் சோதிக்கலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம். ஆரியங்கோடு, வெள்ளறடைப் பகுதிகளில் மலையாளம் பேசும் மெக்கானிக்கும், களியக்காவிளை கடந்து வரும் தமிழ் மெக்கானிக்கும் உறுப்புகளை ஆங்கிலப் பெயராலேயே அறிவர். 1956இல் மாநில எல்லை இப்பகுதியின் நடுவே அமைந்தபோதும் பட்டறை வழக்கு பெரிதும் ஒன்றாகவே நின்றது. எண்களுக்கோ மொழி வேறுபாடே இல்லை.

சட்டத்தையும் மறத்தலாகாது. மாநில அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொதுச் சாலையில் வேகப் போட்டி நடத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதற்குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைத்தல் கூடாதென, கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் தீர்ப்பளித்தது. பதிவு பெற்ற வண்டியின் உறுப்பை மாற்ற எண்ணுபவர் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும். பந்தயத்துக்கென்றே அமைந்த வண்டியைப் பந்தயப் பாதைக்கு ஏற்றிச் செல்வதே முறை.

செய்யத்தக்கன

இவற்றால் பெறப்படுவன சில. முதலாவது, வண்டியில் முறுக்கு மாற்றி உண்டா என்பதையே முதலில் அறிய வேண்டும். "ஆட்டோமாட்டிக்" என்னும் ஒரே பெயரின்கீழ் பலவகை அமைப்புகள் இந்நாட்டில் விற்கப்படுகின்றன. 2014இல் மாருதி செலேரியோவோடு பரவத் தொடங்கிய தானியங்கிக் கைக்கியர் வகையில் முறுக்கு மாற்றி இல்லை. சாதாரணக் கிளட்சே இயந்திரத்தால் இயக்கப்படுகிறது. இரட்டைக் கிளட்ச் வகைகளிலும் பொதுவாக அது இராது. இவ்வேறுபாட்டை அறியாதவர் இல்லாத உறுப்புக்கு விலை பேசுவர்.

இரண்டாவது, தேர்வுக்கு முன் ஆறு செய்திகளைக் காகிதத்தில் எழுத வேண்டும்: வண்டியின் எடை, வெவ்வேறு வேகங்களில் என்ஜின் தரும் முறுக்கு விசை, கியர் பெட்டியின் விகிதங்கள், அச்சின் விகிதம், டயரின் சுற்றளவு, வண்டி பயன்படும் இடம். இவ்வாறும் இல்லாமல் மாற்றி வாங்குவது, நோயைக் கேளாமல் மருந்து வாங்குவதை ஒக்கும். விற்பவரிடம் தடைநிலை வேகத்தைக் கேட்பதோடு நில்லாமல், அது எவ்வளவு முறுக்கு விசையில் அளக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும். விடை கிடைக்காவிடில் அவ்வெண்ணுக்குப் பொருளில்லை.

மூன்றாவது, தொழிற்பயிற்சி நிலையங்களிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் இக்கணக்குகளைச் செய்முறைப் பாடமாக நடத்தலாம். செலவு மிகுந்த கருவிகள் வேண்டுவதில்லை. இரண்டு விசிறிகள், ஒரு நாடா, உள்ளூர்ச் சாலையின் சரிவை அளக்க ஒரு மட்டப் பலகை ஆகியவை போதும். தம் ஊர் ஏற்றத்தின் சரிவைத் தாமே அளந்த மாணவர், அவ்வேற்றத்தில் எந்த மாற்றி வண்டியைத் தாங்கும், எது கைவிடும் என்பதைத் தாமே கணக்கிட்டுச் சொல்வர். களப் பணியாளரும், தோட்டப் பகுதிகளில் வண்டி வாங்க எண்ணுவோருக்கு இக்கணக்கை எடுத்துரைத்து உதவலாம்.

பொறிகளின் உலகில் தன்னளவில் சிறந்தது என்று ஒன்று இல்லை. பொருந்துவது, பொருந்தாதது என இரண்டே உண்டு. எது பொருந்தும் என்பதை விளம்பரம் சொல்லாது, அண்டை வீட்டாரின் வண்டியும் சொல்லாது. அளவுகோலும் எழுதுகோலும் சொல்லும். அவ்விரண்டையும் கையாளும் பழக்கத்தை இளைஞரிடம் ஏற்படுத்துவது, அவர்களின் வேக ஆர்வத்தைத் தடுப்பதினும் எளிது, பயனும் மிகுதி.